பாடசாலை வசதியும் பரீட்சைப் பெறுபேறும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைகளின் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் நம் ஊர்களில் ஒரு விசாரணை நடைபெறுவது வழக்கம். முதலிற் பிள்ளை விசாரிக்கப்படும்; அடுத்து ஆசிரியர் விசாரிக்கப்படுவார்; பின்னர் தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வர். ஆனால் அப்பிள்ளை பல்லாண்டு இருந்து படித்த மண்டபத்தையோ, அதன் கைக்கு ஒருநாளும் எட்டாத உபகரணத்தையோ, பூட்டியே கிடந்த அலுமாரியையோ எவரும் விசாரிப்பதில்லை. அவற்றையும் விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம்.

இதைப்பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. மூத்தோர் கட்சி சொல்வது இது: “நாங்கள் குப்பி விளக்கிற் படித்தோம், நால்வர் ஒரு புத்தகத்தைப் பகிர்ந்து படித்தோம். எங்களிலிருந்தும் வைத்தியர் வந்தனர், பொறியியலாளர் வந்தனர். இன்றைய பிள்ளைகளுக்கு வசதி கூடிவிட்டது; ஊக்கம் குறைந்துவிட்டது.” இளையோர் கட்சி சொல்வது இது: “எங்கள் பாடசாலையில் ஒன்றுமே இல்லை, ஆதலால் எங்களுக்குப் பெறுபேறு வரவில்லை.” இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டிலும் குறையும் உண்டு.

மூத்தோருக்கு நான் பணிவுடன் ஒரு கேள்வி கேட்கிறேன். நாற்பது பேர் இருந்த உங்கள் வகுப்பிலே குப்பி விளக்கிற் படித்து மேலே வந்தவர்கள் இருவரோ மூவரோ என்று வைத்துக்கொள்வோம். அவர்களை நாம் மேடையில் இருத்தி மாலை சூட்டுகிறோம். மற்றைய முப்பத்தேழு பேரும் எங்கே? அவர்களுள் ஒரு விளக்கும், ஒரு புத்தகமும், ஓர் ஆய்வுகூடமும் கிடைத்திருந்தால் மேலே வந்திருக்கக்கூடியவர் எத்தனை பேர்? கரையேறியவரை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தை அளக்கக்கூடாது.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது கல்வியின் பெருமையைப் பேசியதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் இருந்து படிக்க இடம் தேடினார். கற்பதற்கு ஏற்ற பாடநூல்களைத் தாமே எழுதினார். அவற்றை அச்சிடுவதற்கு அச்சுக்கூடமும் நிறுவினார். இடமும் நூலும் ஆசிரியரும் ஒருங்கே வேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு. 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளை எழுப்பியதும் இதே கணக்கின்படியேயாம்.

நாடளாவிய முறையில் இதைச் செய்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1945 இல் வந்த இலவசக் கல்வியை நாம் எல்லோரும் அறிவோம். அதனுடன் இணைந்த மற்றொரு பணியை அவ்வளவாக நினைப்பதில்லை. 1940களில் நகருக்கு வெளியே, கிராமப்புறங்களில், ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. விஞ்ஞான கூடம், நூல்நிலையம், விளையாட்டிடம், விடுதி ஆகியவை அவற்றுக்கு வேண்டும் எனக் கருதப்பட்டது. கட்டணத்தை நீக்கியபின்னும் கிராமத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையின் கல்வி கிடைக்காது. கிராமத்திலேயே நல்ல பாடசாலை ஒன்று இருந்தால்தான் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. மட்டக்களப்புப் பகுதியில் வந்தாறுமூலையில் அமைந்த மத்திய மகா வித்தியாலயத்தை எண்ணிப் பாருங்கள். 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த வளவிலேதான் ஆரம்பமாயிற்று. 1986 இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு தலைமுறைக்கெனக் கட்டிய வசதி மறு தலைமுறைக்குப் பல்கலைக்கழகத்தையே தந்தது. பின்னர் 1980 இலிருந்து இலவசப் பாடநூல்களும், 1993 இலிருந்து இலவசச் சீருடையும் கிடைக்கலாயின. இவையெல்லாம் வசதிகளே.

நிற்க. இன்றைய நிலைக்கு வருவோம்.

ஆரம்ப வகுப்பில் ஒரு நல்ல ஆசிரியரும், ஒரு கரும்பலகையும், ஒரு மரநிழலும் இருந்தாற் பிள்ளை எழுத்தறிந்துவிடும். இடைநிலை வகுப்பில் அது போதாது. அங்கே இரசாயனவியல் வருகிறது, பௌதிகவியல் வருகிறது, கணினி வருகிறது. 2013 இல் உயர்தரத்திற் சேர்க்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவு பட்டறையும் கருவிகளும் இன்றி நடத்த முடியாதது. ஆகவே வசதிக் குறைவு மிகக் கடுமையாகத் தாக்குவது இடைநிலைக் கல்வியையே.

நம் நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். அவை 1ஏபி, 1சி, 2 ஆம் வகை, 3 ஆம் வகை என வகுக்கப்பட்டுள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலைகளிலேயே. அவை ஏறத்தாழ ஆயிரம். அதாவது பத்தில் ஒன்று. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு. ஆனால் விஞ்ஞானப் பிரிவு இல்லை. 2 ஆம் வகைப் பாடசாலை 11 ஆம் வகுப்புடன் முடிந்துவிடும்.

இப்போது சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் விசேட சித்தி பெற்ற ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ளது 1சி பாடசாலை. விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிச் செல்ல வேண்டும். விடுதி இல்லை, உறவினர் வீடும் இல்லை. வீட்டில் இரண்டு நாள் கூடிப் பேசுவார்கள். மூன்றாம் நாள் அவள் கலைப் பிரிவிற் சேர்வாள். கலைப் பாடங்களைத் தாழ்வாக எண்ணி நான் இதைச் சொல்லவில்லை. விருப்பத்தோடு அவற்றைத் தேர்ந்தவர் நாட்டுக்கு வேண்டியவரே. இங்கே தேர்ந்தது பிள்ளையன்று, பாடசாலையின் வகை. அவளுடைய பெறுபேறு எந்தப் பரீட்சைக்கு முன்னரும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. எந்தப் புள்ளிவிபரத்திலும் அவள் தோல்வியுற்றவளாகக் காணப்படமாட்டாள். ஆனால் இழப்பு இழப்புத்தான்.

மலையகத் தோட்டங்களில் இது இன்னும் ஆழமான கதை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அத்துடன் சில கீழ் வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது. இடைநிலைக் கல்வியை அது காணவேயில்லை. 1980களிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து ஆசிரியரையும் உருவாக்கியது. அதன் பின்னரே தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்வது செய்தியாக இல்லாமல் வழக்கமாக மாறத் தொடங்கியது. அதற்கு முன்னிருந்த பிள்ளைகளுக்கு மூளை குறைவென்று யார் சொல்வார்?

பல்கலைக்கழக அனுமதியிலும் இவ்வுண்மை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. விஞ்ஞானம் சார்ந்த துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என்ற முறை நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படுகிறது. 1970களின் தரப்படுத்தல் நம் இளைஞர் மனத்தில் ஏற்படுத்திய காயத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விவாதத்தை இங்கே நான் மீண்டும் எழுப்பப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். ஒரே மாவட்டத்துக்குள்ளும் நகரத்துப் பெரிய கல்லூரி உண்டு. எல்லைக் கிராமத்துச் சிறிய வித்தியாலயமும் உண்டு. மாவட்டக் கணக்கு இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணும். கடைசி வாயிலிற் புள்ளியைக் கூட்டிக் குறைப்பதினும், முதல் வாயிலில் ஆய்வுகூடத்தைத் திறந்து விடுவதே மேலான நீதி.

ஆய்வுகூடம் பெறுபேற்றுக்கு எவ்வாறு உதவுகிறது என்று சிலர் கேட்கலாம். “ரியூட்டரியிலே குறிப்புத் தருகிறார்கள், பரீட்சையோ எழுத்துப் பரீட்சை” என்பார்கள். உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். அமைப்புக் கட்டுரை வினாக்களிற் பெரும்பாலானவை பரிசோதனைகளை ஒட்டியவை. திருகுக் கணிச்சியின் பூச்சிய வழுவை எவ்வாறு காண்பது, பரிவுக் குழாயில் நீர்மட்டத்தை எப்பக்கமிருந்து மாற்றுவது, இந்த அளவீட்டை ஏன் மீண்டும் எடுக்க வேண்டும் என்ற கேள்விகள் அவை. கையால் ஒருமுறை செய்தவனுக்கு இவை நினைவிலிருந்து வரும். செய்யாதவன் மனப்பாடத்திலிருந்து எழுத வேண்டும். வினா சிறிது திரும்பினால் மனப்பாடம் கைவிட்டுவிடும். இரசாயனவியலில் நியமிப்பு என்று ஒன்றுண்டு. அளவியிலிருந்து துளித்துளியாக விழும் கரைசல், எந்தத் துளியில் நிறத்தை மாற்றுகிறது என்று கண்ணாற் கண்ட பிள்ளை முடிவுப்புள்ளி என்ற சொல்லை வாழ்நாளில் மறக்காது. கண்ணாற் காணாத பிள்ளைக்கு அது குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி.

ஆய்வுகூடம் பெரிய வசதி. சிறிய வசதிகளும் பெறுபேற்றை மாற்றும். நம் பாடசாலைகள் பலவற்றின் அமைப்பு என்ன? இடைச்சுவரில்லாத நீண்ட மண்டபம். அதில் நான்கு வகுப்புகள். நடுவே ஒரு தட்டி அல்லது ஒரு கரும்பலகை. ஒன்பதாம் வகுப்பில் வரலாறு நடக்கும்போது பத்தாம் வகுப்பிற் கணிதம் கேட்காது. இதனால் எவ்வளவு நட்டம்? நியூயோர்க் நகரில் உயர்த்திய ரயிற்பாதையை அடுத்திருந்த ஒரு பாடசாலையில் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். 1975 இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, ரயிற்பாதைப் பக்கத்து வகுப்பறைகளில் இருந்த மேல்வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்திலும் கூரைத்தட்டிலும் ஓசையைக் குறைக்க ஏற்பாடு செய்தனர். அடுத்து ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. இடையிலே குறைக்கப்பட்டது ஓசையே.

வெப்பமும் அவ்வாறே. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவரின் பரீட்சைப் புள்ளிகளை ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, வெப்பம் கூடிய ஆண்டிலே கற்றல் குறைகிறது என்று காட்டியது; குளிரூட்டி உள்ள பாடசாலைகளில் அக்குறை பெரும்பாலும் காணப்படவில்லை. நமக்குக் குளிரூட்டி வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரையின்கீழ் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியரின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உணர்ந்து, கூரைக்குக் கீழே ஒரு தட்டும், சுவரிற் காற்றுவழியும், வளவிலே நான்கு வேப்பமரமும் அமைத்தாற் போதும்.

இனி, சபையிற் சொல்ல நாம் கூசும் ஒரு விடயம். மலசலகூடமும் தண்ணீரும். இந்தியாவிற் பாடசாலைகளில் மலசலகூடங்கள் கட்டியதன் பயனை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, அவற்றாற் பாடசாலையிற் சேரும் பிள்ளைகளின் தொகை உயர்ந்தது என்றும், பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடம் இருந்தால்தான் அப்பயன் முழுமையாகக் கிட்டுகிறது என்றும் கண்டது. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூட்டுள்ள கதவும் தண்ணீரும் இல்லாத காரணத்தால் ஒரு பெண் பிள்ளை மாதத்துக்கு மூன்று நாள் வராமல் இருந்தாற் பத்து மாதத்தில் முப்பது நாள். ஆறு வாரப் பாடம் போய்விட்டது. பிறகு “கணிதம் ஏன் வரவில்லை?” என்று அவளை விசாரிக்கிறோம்.

அன்பர்களே, இதுவரை வசதியின் பக்கம் பேசினேன். இனி மறுபக்கமும் சொல்லவேண்டும்.

1966 இல் அமெரிக்காவில் கோல்மன் என்னும் அறிஞர் தலைமையில் இலட்சக்கணக்கான மாணவரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாடசாலையின் கட்டடமும் உபகரணமும் தரும் வேறுபாட்டைவிட, பிள்ளையின் வீட்டுச் சூழல் தரும் வேறுபாடே பெரிது என்று அது கூறியது. அதைக் காட்டி, வசதிக்குச் செலவிடுவது வீண் என்று வாதிடுவோரும் உளர். ஆனால் 1983 இல் ஹேன்மன், லொக்ஸ்லி என்னும் இருவர் 29 நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது ஆரம்பக் கல்வியையே. ஆயினும் அவர்கள் கண்ட முடிவு நமக்குப் பயன்படும்: நாடு எவ்வளவு வறியதோ அவ்வளவுக்குப் பாடசாலையின் தரம் பெறுபேற்றை நிர்ணயிக்கிறது. காரணம் வெளிப்படை. வீட்டில் நூறு புத்தகம் உள்ள பிள்ளைக்குப் பாடசாலை நூல்நிலையம் நூற்றோராவது புத்தகத்தைத் தருகிறது. வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு அது முதற் புத்தகத்தைத் தருகிறது. ஒரு நூல்நிலையம் இல்லாமற்போவதன் பொருளை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை நாம் அறிவோம்.

அதேவேளையில், பொருளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாற் பெறுபேறு தானே உயரும் என்பதும் பிழை. கென்யாவின் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தனர். 2009 இல் வெளியான அதன் முடிவின்படி, முன்பே கெட்டிக்காரராய் இருந்த பிள்ளைகளுக்கே பயன் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; பிள்ளைகளிற் பலருக்கு அது மூன்றாம் மொழி. தென்னமெரிக்காவிலே பெரு நாட்டில் மாணவருக்கு மடிக்கணினிகளை வழங்கினார்கள். 2012 இல் வெளிவந்த மதிப்பீட்டிற் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. இங்கும் 2011 ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டத்தின்கீழ் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன. அவற்றிற் கிரமமாக நடைபெறுவனவும் உண்டு. ஆசிரியர் இன்றியோ, பழுது பார்ப்பார் இன்றியோ பூட்டிக் கிடப்பனவும் உண்டு.

பூட்டு ஏன் விழுகிறது? இதை நாம் அனுதாபத்துடன் பார்க்கவேண்டும். பாடசாலைப் பொருள் ஒவ்வொன்றும் பதிவேட்டில் உள்ளது. ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்பு வரும். ஒரு குழாயி உடைந்தாலும், ஒரு நூல் காணாமற்போனாலும், பொறுப்பான ஆசிரியர் பதில் சொல்லவேண்டும். அவர் மனிதர்தாமே? அலுமாரியைப் பூட்டிவிட்டாற் கணக்குச் சரியாக இருக்கும். கணக்கு என்னவோ சரி; பிள்ளையின் கை மட்டும் வெறுமை. ஆகவே வசதியை அளக்கும் அளவுகோலை நாம் மாற்றவேண்டும். எத்தனை கணினி உண்டு, எத்தனை நூல் உண்டு என்று எண்ணுவது போதாது. ஒரு பிள்ளையின் கையில் அவை வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் இருந்தன என்று எண்ணவேண்டும். பிள்ளையின் கைக்கு எட்டாத வசதி, பதிவேட்டுக்கு வசதி, கல்விக்கு வசதியன்று.

இனி நமது சங்கத்தின் கடமைக்கு வருகிறேன். இவ்வாண்டின் நினைவுப் பணியாகப் பாடசாலை முகப்பிலே ஒரு வளைவு அமைக்கலாம் என்று சிலர் விரும்புகின்றனர். அவர்களது அன்பை நான் மதிக்கிறேன். வளைவில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கலாம். பல காலம் நிற்கும். ஆனால் அந்த வளைவின் கீழால் உள்ளே செல்லும் பிள்ளை, தண்ணீர் இல்லாத குழாயையும் பூட்டிய அறையையும் கண்டால் அந்தப் பெயர்களைப் பற்றி என்ன எண்ணும்? ஆதலால் வளைவுக்குப் பதிலாக மூன்று பணிகளை உங்கள்முன் வைக்கிறேன். மூன்றும் அதிபரின் சம்மதத்துடனும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகவும் நடைபெறவேண்டியவை.

முதலாவது, உடைவு நிதி. ஆய்வுகூடத்தில் உடையும் கண்ணாடிப் பொருளுக்கும், நூல்நிலையத்திலே தொலையும் நூலுக்கும் ஈடு கொடுக்க ஒரு சிறு தொகையை நாம் ஒதுக்குவோம். “உடைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம், பிள்ளைகள் தொட்டுப் படிக்கட்டும்” என்று ஆசிரியருக்குச் சொல்வோம். வளைவுக்கு வேண்டிய பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். பிள்ளைகள் உடைத்த ஒவ்வொரு சோதனைக்குழாயும் நமக்குப் பெருமை, பயன்படாதது உடைவதில்லை.

இரண்டாவது, தண்ணீரும் மலசலகூடமும். கட்டுவது ஒருநாட் புகழ். பேணுவது ஆண்டு முழுவதும் உள்ள வேலை. கதவின் கொக்கி, தொட்டியின் குழாய், துப்புரவுக்கு ஒருவருக்கான கூலி ஆகியவற்றை மாதந்தோறும் பார்க்கும் பொறுப்பை இளைஞர் குழு ஒன்று ஏற்கவேண்டும்.

மூன்றாவது, இந்த மண்டபம். மாலை ஆறு மணிக்குப்பின் இதன் விளக்குகள் பெரும்பாலான நாட்களில் அணைந்தே இருக்கின்றன. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டுப் பிள்ளைக்குப் படிக்க அமைதியான இடமும் வெளிச்சமும் இல்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடியிருந்தபோது, தொலைபேசி அலை தேடிப் பிள்ளைகள் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறியதை நாடே பார்த்தது. படிக்க விருப்பமில்லாத பிள்ளை மரத்தில் ஏறாது. ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை இம்மண்டபத்தைத் திறந்து, மேசையும் வாங்கும் இட்டு, பழைய வினாத்தாள்களைத் தொகுத்து வைப்போம். பல்கலைக்கழகத்திற் படிக்கும் நம் உறுப்பினர் இருவர் முறைவைத்து அங்கே இருக்கட்டும். அயலிலே விஞ்ஞானப் பிரிவு இல்லாமையால் தூரம் செல்ல வேண்டிய பிள்ளைக்குப் பஸ் கட்டணமோ விடுதிச் செலவோ கொடுக்க முடியுமானால் அதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

இளைஞர்களே, வசதி இல்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவ்வுரிமையோடு கிடைத்த வசதியை முழுவதும் பயன்படுத்தும் கடமையும் உண்டு. நூல்நிலையம் திறந்திருந்தும் உள்ளே ஆளில்லையானால் அடுத்த ஆண்டு அதை யார் திறப்பார்? பெரியோர்களே, நீங்கள் குப்பி விளக்கில் அடைந்த வெற்றி உங்களுடையது. அதைப் பிள்ளைகளுக்கு நிபந்தனையாக விதியாதீர்கள். நீங்கள் பட்ட வருத்தத்தை அவர்கள் படாதிருக்கச் செய்வதே அவ்வெற்றிக்குச் சிறந்த பயன்.

வளைவா, உடைவு நிதியா என்பதை இச்சபை இன்றே தீர்மானிக்கலாம். அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளிற் பிள்ளையை விசாரிக்குமுன், ஆய்வுகூடம் எத்தனை நாள் திறந்திருந்தது என்று நாம் கேட்டறிய வேண்டும். அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்லும் நிலையில் நமது சங்கம் இருக்கவேண்டும்.